தையல் வகுப்புக்குப் போன மெழுகக்கா

பல்செட் பட்டறையில் எல்லோரும் அவளை மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிளாஸ்டர் அச்சின் மேல் மெழுகைக் கட்டி, அதில் பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கிய சின்னக் கத்தியால் ஈறு வடிவத்துக்கு வழித்து விடுவது அவள் வேலை. முகம் தெரியாத யாரோ ஒருவர் அடுத்த வாரம் சிரிக்கப் போகிற சிரிப்பு, இந்த வாரம் அவள் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும். வரிசை அழகாக அமைந்துவிட்டால் அவளும் பதிலுக்குச் சிரித்து வைப்பாள். பக்கத்து மேஜைக்காரர்களுக்கு அது பழகிவிட்டது.

அவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஐம்பதைத் தொடப் போகிற அந்த மெழுகக்கா, வாரத்தில் சில மாலைகள் டயர் கடைக்கு மேலே இருந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் இரும்பு தூக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் அதற்குப் பெயர் தையல் வகுப்பு.

எல்லாம் முதுகுவலியில் ஆரம்பித்தது. நாள் முழுக்கக் குனிந்து பல் பதித்துப் பதித்து, நிமிர்ந்தால் முதுகு கதவுக் கீல் மாதிரி சத்தம் போட்டது. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "கனம் தூக்குங்க" என்றார்.

"தூக்கக் கூடாதுன்னு சொல்றீங்களா?"

"தூக்குங்கன்னு சொல்றேன். முதுகுக்கு வேலை இல்லாமதான் அது வலிக்குது. யார்கிட்டயாவது ஒழுங்கா கத்துக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா தூக்குங்க."

வெளியே வந்து செருப்பை மாட்டியவளுக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பிப் போய்க் கதவிடுக்கில் தலையை நீட்டி, "தூக்கணும்தானே?" என்றாள். டாக்டர் அதற்குள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். வாயில் சோற்றோடு தலையை மட்டும் ஆட்டினார்.

உடற்பயிற்சிக் கூடத்தின் படியேறி உள்ளே போனால், அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவள் லென்ஸ்காரி. பட்டறைக்கு நேர் மேல் தளத்திலிருந்த மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ் அரைக்கிறவள். திருடப் போன வீட்டில் இன்னொரு திருடியைப் பார்த்த மாதிரி இருவரும் விழித்தார்கள்.

"அக்கா, நீங்க என்னைப் பார்க்கல" என்றாள் லென்ஸ்காரி.

"நீயும் என்னைப் பார்க்கல" என்றாள் மெழுகக்கா.

அப்புறம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தூக்க ஆரம்பித்தார்கள்.

சொல்லித் தந்த பெண்ணைக் கோச்சு என்று கூப்பிட்டார்கள். கடுகு மாதிரி உருவம், கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுகிற குரல். முதல் நாளே மெழுகக்கா தன் பெரிய பயத்தைக் கேட்டுவிட்டாள். "ஏம்மா, இதெல்லாம் தூக்கினா பொம்பளைங்களுக்கு மீசை வளருமாமே?"

கோச்சு தன் மேலுதட்டைத் தடவிக் காட்டினாள். "பத்து வயசுலேர்ந்து தூக்கறேன்க்கா. மீசை இரும்புக்குள்ள இல்ல. ஆம்பளைங்க மாதிரி உடம்பு புடைக்கணும்னா, ஆம்பளைங்களே வருஷக்கணக்கா தலைகீழா நின்னாலும் முடியல. உங்களுக்கு மட்டும் தெரியாம வந்து ஒட்டிக்குமா?"

அன்றைக்கு அவள் தூக்கியது வெறும் கம்பி. ஆனால் சில மாதம் கழித்து, இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டிய கம்பி தரையை விட்டு எழும்பியதே, அந்த நிமிஷத்தை என்ன சொல்வது. காலுக்குக் கீழே தரை கெட்டியாக இருந்தது, முதுகு கம்பீரமாக நின்றது, கையில் ஒரு ஆளின் கனம் தொங்கியது. அவளுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, பள்ளிக்கூடப் பெண் வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. பக்கத்தில் லென்ஸ்காரிக்கும் தொற்றிக்கொண்டது. கோச்சு மறுபடி ஒரு கொட்டாவி விட்டு, "சிரிச்சது போதும், இறக்குங்க" என்றாள்.

வீட்டில் இதைச் சொல்ல முடியாததற்குக் காரணம் நாத்தனார். கணவரின் அக்கா. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலையில் இருந்தவர். வேலையில் இருந்த வரை ஊரில் பாதிப் பேரின் பேச்சைக் கேட்டார். ஓய்வு பெற்ற பிறகு மீதிப் பேரைத் தன் பேச்சைக் கேட்க வைத்தார். உடம்பு விஷயத்தில் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. யாரோ தெரிந்தவர் மகள் இரும்பு தூக்கப் போய், "தோள் ரெண்டும் கதவு அகலம் ஆயிடுச்சு, குரலும் மாறிடுச்சு" என்று அவர் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னார். அந்தப் பெண்ணை மெழுகக்காவுக்குத் தெரியும். அவள் பிறந்ததிலிருந்தே கதவு அகலம்தான், குரலும் அப்போதிலிருந்தே அதுதான். ஆனால் நாத்தனாரிடம் அதைச் சொல்லிவிட்டு யார் சோறு சாப்பிடுவது?

ஆகவே தையல் வகுப்பு. இத்தனை மாதம் படித்ததற்கு அடையாளமாக ஒரே ஒரு தலையணை உறையைக் கடையில் வாங்கி வந்து, விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுக் காட்டியிருந்தாள். நாத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தையல் நேரா வந்திருக்கு" என்று பாராட்டியதோடு விடவில்லை. இவள் மேற்கையைப் பார்த்தார். "ஏம்மா, மெஷின் மிதிச்சா கால்தானே தடிக்கும்? உனக்குக் கை தடிச்சிருக்கு?"

"கையால சுத்தற மெஷின் அண்ணி" என்றாள் மெழுகக்கா, கண்ணைக் கூடச் சிமிட்டாமல்.

கணவர் இதில் எல்லாம் தலையிடுவதில்லை. லிஃப்ட் மெக்கானிக். ஊரெல்லாம் ஆட்களை மேலே ஏற்றி இறக்கினாலும் தான் படியேறியதாகச் சரித்திரம் இல்லை. அவர் அறைக்குள் வருவதற்கு முன் அவர் வயிறு வந்துவிடும். அதைக் கரைக்க நாத்தனார் ஒரு நடுங்கும் பட்டை வாங்கிக் கொடுத்திருந்தார். இடுப்பில் கட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டால் அது பாட்டுக்கு நடுங்கும். இவர் பாட்டுக்கு டிவி பார்க்கலாம். கொழுப்பு பாட்டுக்குக் கரையும் என்று ஏற்பாடு. கொழுப்பு ஏனோ ஒத்துழைக்கவில்லை. குரல்தான் கரைந்தது. "டீ-ஈ-ஈ-ஈ போ-ஓ-ஓ-ட்டியா?" என்று அவர் சோபாவிலிருந்து கேட்கும்போது, அடுப்படியில் மெழுகக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கயிறு இழுக்கும் போட்டி வந்தது.

அந்தக் கட்டடத்தில் ஆண்டுக்கொரு முறை, பின்பக்கம் வண்டி நிறுத்துகிற இடத்தில், பல்செட் பட்டறையும் கண்ணாடிப் பட்டறையும் கயிறு இழுக்கும். ஜெயித்தவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மொட்டைமாடிச் சாவி. மதியச் சாப்பாட்டை மேலே காற்றில் உட்கார்ந்து சாப்பிடலாம். தோற்றவர்களுக்கு ஜெனரேட்டர் பக்கத்தில் இருக்கிற கீழறை. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் எந்தக் குழம்பும் டீசல் வாசனைதான் அடிக்கும். பல்செட்காரர்கள் வருஷக்கணக்காக டீசல் வாசனையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருஷம் விடுவதில்லை என்று முதலாளி கங்கணம் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர், ஆனால் போனில் எதைப் படித்தாலும் நம்பிவிடுவார். போட்டிக்கு முந்தின வாரம் ஆண்கள் எல்லோரையும் பிளாஸ்டர் அறையில் கூட்டி வைத்து, தானே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். முதல் காரியமாக, செய்து முடித்த பல்செட்டுகளைச் சுற்றி அனுப்புகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒவ்வொருவர் வயிற்றிலும் சுற்றச் சொன்னார்.

"வேர்வை வழிய வழியக் கொழுப்பு கரையும். உடம்பு லேசாகும். லேசான உடம்புதான் வேகமா இழுக்கும்."

கயிறு இழுக்கும் போட்டியில் உடம்பு கனமாக இருந்தால்தானே நல்லது என்று மெழுகக்காவுக்குத் தோன்றியது. கோச்சிடம் இந்த வேர்வை விஷயத்தையும் அவள் முன்பே கேட்டிருந்தாள். "அது உடம்பு தன்னைக் குளிர வெச்சுக்கற தண்ணிக்கா. கொழுப்பு அப்படி உருகி ஓடறதா இருந்தா, வெயில்ல நிக்கற டிராஃபிக் போலீஸ்காரங்க எல்லாம் குச்சி மாதிரி இருக்கணும்" என்றிருந்தாள் அவள். மெழுகக்கா மெதுவாக வாயைத் திறந்தாள்.

"சார், வேர்வைன்னா வெறும் தண்ணிதானே?"

"மெழுகக்கா, இது உங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்றார் முதலாளி அன்பாக. "உங்களுக்கு வேற முக்கியமான வேலை இருக்கு. பயிற்சி நேரத்துல யாரும் தண்ணி குடிக்கக் கூடாது. குடிச்சா வயித்தைப் பிடிச்சுக்கும். தண்ணி கேனை ஒளிச்சு வைக்கறது உங்க பொறுப்பு."

அவள் ஒளித்தாள். ஒளித்த இடத்தை ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாகச் சொல்லியும் வைத்தாள்.

மாலையானால் வயிற்றில் தாள் சுற்றிய ஆண்கள் கட்டடத்தைச் சுற்றி ஓடுவார்கள். சரசர சரசர என்று, பரிசுப் பொட்டலங்கள் எழுந்து ஓடுகிற மாதிரி இருக்கும். ஓடி முடித்ததும் தரையில் மல்லாந்து எழுந்து மல்லாந்து எழுந்து வயிற்றுப் பயிற்சி. அது முடிந்ததும் தண்டாலும் தோப்புக்கரணமும்; முதலாளியும் கூடவே போட்டார். முன்னே நின்று வழிநடத்தியவர் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் பயில்வான். பயில்வான் என்பது அவருக்கு எல்லோரும் வைத்த பெயர். பெரிய ஆகிருதி, கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிற இடம் எப்போதும் அவருக்குத்தான்.

"அண்ணே, தொடை கிழியுது" என்று யாரோ முனகினார்கள்.

"வலிச்சாதான் பலன்" என்றார் முதலாளி. "வலிக்கலைன்னா இன்னும் போடு."

வலித்த பிறகும் இன்னும் போட்டார்கள். போட்டிக்கு முந்தின இரண்டு நாள் சாயங்காலமும் சக்கையாகப் பிழிந்துவிட்டார் மனிதர்.

மேல் தளத்து நிலவரம் என்ன என்பது மெழுகக்காவுக்கு அன்றன்றைக்குத் தெரிந்துவிடும். கம்பியை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற இடைவெளியில் லென்ஸ்காரி செய்தி வாசிப்பாள்.

"எங்க முதலாளி ஆளுக்கு ஒரு டம்ளர் பச்சை முட்டை ஊத்தறாருக்கா. வேக வெச்சா சத்து போயிடுமாம்."

"குடிக்கறாங்களா?"

"குடிக்கறாங்க. குடிச்சுட்டுப் படிக்கட்டுப் பக்கத்து பாத்ரூம் முன்னால வரிசையா நிக்கறாங்க. லென்ஸ் அரைக்க நான் ஒருத்திதான் இருக்கேன்."

மெழுகக்காவுக்குக் கையிலிருந்த டம்பெல் நழுவப் பார்த்தது. "எங்காளுங்க பிளாஸ்டிக் சுத்திக்கிட்டு ஓடறாங்கடி."

"பார்த்தேனே. மாடி ஜன்னல்ல எல்லாரும் வந்து நின்னு பார்த்தோம். எங்க முதலாளி பயந்துட்டாரு. அது ஏதோ புது டெக்னிக்குன்னு நினைச்சு எங்காளுங்களையும் நேத்து ஓட விட்டாரு, மழைக்கோட்டு போட்டுக்கிட்டு."

இருவரும் தரையில் உட்கார்ந்து, ஒருத்தி முதுகில் ஒருத்தி சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்கள். கோச்சு வந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு இதுவே வயிற்றுக்குப் போதும் என்று சொல்லி விளக்கை அணைத்தாள்.

போட்டி நாள் விடுமுறை நாள். இரண்டு பட்டறைக் குடும்பங்களும் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்துவிட்டன. நாத்தனார் குடையும் விசிறியுமாக முதல் வரிசையில் அமர்ந்தார். நடுவர் மெழுகக்காவின் கணவர். கயிறும் அவர் கொண்டு வந்ததுதான், பழைய லிஃப்ட் வேலைக்கு வாங்கிய தாம்புக்கயிறு. அவரை நடுவராகப் போட்டதற்கு மேல் தளத்தார் மறுப்புச் சொல்லவில்லை. "அவர் வீட்டம்மா பல்செட்காரங்கதான், ஆனா அவங்க இழுக்கப் போறதில்லையே" என்றார் கண்ணாடி முதலாளி பெருந்தன்மையோடு.

அணிகளைக் கூப்பிட்டதும்தான் வேடிக்கை. பல்செட் ஆண்கள் ஒவ்வொருவராக நடந்து வந்தார்கள். நடந்து என்று சொல்வது மரியாதைக்கு. முழங்காலை மடக்க முடியாமல், மரக்கால் பொம்மைகள் மாதிரி விறைப்பாக வந்து நின்றார்கள். தலைமுடியைக் கோதக் கையைத் தூக்கிய ஒருவர் பாதியில் அம்மா என்று விட்டுவிட்டார். மேல் தளத்தாரும் அப்படியே. அவர்கள் கன்னம் வேறு ஒட்டிப்போயிருந்தது.

பயில்வானைக் காணோம். தேடிப் போனால், பட்டறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை.

"மனசு எழுந்துடுச்சு சார்" என்றார் பரிதாபமாக. "தொடை கேட்க மாட்டேங்குது."

முதலாளி தலையில் கைவைக்கப் போனார், கை அவ்வளவு உயரம் போகவில்லை. கடைசி ஆள் இல்லாமல் கயிறு இழுப்பதா? சுற்றுமுற்றும் பார்த்தார். எழுந்து நிற்கிற நிலையில் அந்தப் பட்டறையில் இருந்தவர்களில் கனமாக எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கக்கூடியவள் ஒருத்திதான். அவள் தண்ணீர் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முழுக்கத் தண்ணீர் நிரம்பிய கேன். ஒரு கையில்.

"மெழுகக்கா, நீங்க சும்மா கடைசில நின்னு கயித்தைப் பிடிச்சுக்கங்க. எண்ணிக்கைக்கு."

நாத்தனார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "என்னது, பொம்பளைங்க கயிறு இழுக்கறதா? கர்ப்பப்பை இறங்கிடும்."

"அண்ணி, அது அதோட இடத்துல பத்திரமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மெழுகக்கா கேனை இறக்கி வைத்தாள்.

கண்ணாடி முதலாளி கையைத் தட்டினார். "அவங்க பக்கம் ஒரு அம்மா நின்னா எங்க பக்கமும் ஒரு அம்மா நிக்கணும். அதான் நியாயம். எங்களுக்கும் ஒரு ஆள் வயிறு சரியில்லாம உள்ள இருக்காரு." திரும்பிப் பார்த்து, "நீ வா" என்று லென்ஸ்காரியைக் கூப்பிட்டார்.

கயிற்றின் இந்தக் கோடியில் இவள், அந்தக் கோடியில் அவள். நடுவில் இரண்டு வரிசை ஆண்கள். அத்தனை தலைகளுக்கும் மேலாக லென்ஸ்காரியின் ஒரு புருவம் மட்டும் உயர்ந்து இறங்கியது. மெழுகக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

விசில் ஒலித்தது.

எதுவும் நடக்கவில்லை. நடுவில் கட்டிய சிவப்புக் கைக்குட்டை அசையாமல் தொங்கியது. இரண்டு பக்கமும் பல்லைக் கடிக்கிறார்கள், முகம் சிவக்கிறது, ஆ என்கிறார்கள், ஊ என்கிறார்கள். கயிறு மட்டும் காயப்போட்ட துணிக்கொடி மாதிரி சும்மா இருக்கிறது. "சரியான போட்டி, சம பலம்" என்று கூட்டத்தில் யாரோ வியந்தார்கள்.

ஆனால் மெழுகக்காவின் உள்ளங்கைக்கு உண்மை தெரிந்தது. அவளுக்கு முன்னால் நின்றவர்கள் யாரும் இழுக்கவில்லை, கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமும் அப்படித்தான். எல்லா முனகலுக்கும் அப்பால், கயிற்றின் மறுகோடியில் ஒரே ஒரு பிடி மட்டும் உயிரோடு இருந்தது. லேசாக ஒரு சுண்டு சுண்டியது. தயாரா என்று கேட்கிற சுண்டு.

மெழுகக்கா குதிகாலைத் தரையில் ஊன்றினாள். முதுகை நேராக வைத்தாள். கோச்சு சொல்லித் தந்தபடி கையால் இழுக்காமல் காலால் தரையைத் தள்ளினாள். கைக்குட்டை ஒரு முழம் இந்தப் பக்கம் வந்தது. கூட்டம் எழுந்தது. உடனே அந்தப் பக்கம் ஒரு தள்ளு. கைக்குட்டை ஒரு முழம் போனது. நடுவிலிருந்த ஆண்கள் எல்லாம் கொடியில் மாட்டிய சட்டைகள் மாதிரி இங்கே இரண்டடி, அங்கே இரண்டடி என்று போய்ப் போய் வந்தார்கள். "விடாதீங்க, விடாதீங்க, நம்ம பயிற்சி வேலை செய்யுது" என்று முதலாளி நடுவிலிருந்து கத்தினார். அவர் கால் தரையில் இல்லை.

இப்படி ஒரு சுகத்தை மெழுகக்கா வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. இரண்டு பட்டறையும் இரண்டு முதலாளியும் முழுசாகத் தன் கையில் தொங்குகிறார்கள், தன் முதுகு தாங்குகிறது. தோளிலிருந்து பாதம் வரைக்கும் உடம்பு ஒரே துண்டாக நிற்கிறது. சிறுவயதில் ஊஞ்சலை உச்சிக்கு ஆட்டிவிட்டு விழுவோமா மாட்டோமா என்று வயிறு கூசுமே, அந்தக் கூச்சம். எதிரே லென்ஸ்காரியின் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. கண்ணில் குறும்பு. இருவர் கண்ணும் சந்தித்தன. சந்தித்திருக்கக் கூடாது.

முதலில் வெடித்தவள் லென்ஸ்காரி. க்ளுக் என்று ஒரு சத்தம்தான் வந்தது. அது போதுமானதாக இருந்தது. சிரிக்கிற உடம்பில் பிடி நிற்காது. அவள் முழங்கால் துவண்டது. மெழுகக்காவுக்கும் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது, ஆனால் அதற்கு முன்பே கால் தள்ளி முடித்திருந்தது. கயிறு சரசரவென்று வந்தது. கைக்குட்டை கோட்டைத் தாண்டியது. மேல் தளத்தார் ஒருவர் மேல் ஒருவராகக் குப்புற, கீழ்த் தளத்தார் ஒருவர் மேல் ஒருவராக மல்லாக்க, எல்லோர் அடியிலும் மெழுகக்கா. அந்தக் குவியலின் இரண்டு கோடியிலிருந்தும் இரண்டு பெண்களின் சிரிப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வலியால் யாராலும் எழ முடியவில்லை. கடைசியில் அவள்தான் ஒவ்வொருவராகப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

கண்ணாடி முதலாளி தூசியைத் தட்டிக்கொண்டு வந்தார். "இது செல்லாது. அந்தம்மா ஏதோ சாப்பிட்டுட்டு வந்திருக்காங்க."

"ஆமா சார், அவங்க சாப்பிட்டுட்டு வந்திருக்காங்க" என்றாள் லென்ஸ்காரி, கண்ணைத் துடைத்தபடி. "நம்மாளுங்கதான் வயித்துல எதுவும் தங்காம வந்திருக்காங்க."

கணவர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஊதக்கூட மறந்து நின்றார். மெல்ல நெருங்கி வந்தார்.

"தையல் வகுப்புல என்னம்மா சொல்லித் தர்றாங்க?"

மெழுகக்கா பதில் தேடுவதற்குள் லென்ஸ்காரி முந்திக்கொண்டாள். "நானும் அதே தையல் வகுப்புதான் அண்ணே. டயர் கடை மாடில."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகம் மலர்ந்தது. அதை மறைக்க, இருந்த காற்றையெல்லாம் சேர்த்து விசிலை ஊதி, பல்செட் பட்டறைதான் ஜெயித்தது என்று அறிவித்தார். நாத்தனார் மட்டும் குடையை மடக்கினார்.

வீடு வரை அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை. மெழுகக்காவுக்கு அதுவே பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முதுகுவலி, டாக்டர், தலையணை உறை உட்பட. நாத்தனார் கடைசி வரை கேட்டார். எழுந்தார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் போட்டார். அப்புறம் இன்னொருவருக்கு. அப்புறம் இன்னொருவருக்கு. கதவுக்கு வெளியே தம்பி காதை வைத்துக் கேட்டு, "ஒண்ணும் புரியல" என்று சைகை காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மொட்டைமாடிச் சாவி முதலாளியின் மேஜையில் பளபளவென்று கிடந்தது. மதியம் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவோடு படிக்கட்டு வரை ஊர்வலமாகப் போனார்கள். அதோடு ஊர்வலம் முடிந்தது. முந்தின நாளை விடவும் வலி கூடியிருந்தது. முதலாளி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று படி ஏறினார். நின்றார். மேலே பார்த்தார். மேலே இன்னும் நிறையப் படி இருந்தது.

"மெழுகக்கா, நீங்க போய் மாடியைத் திறந்து காத்தோட்டமா வெச்சுக்கங்க. நாங்க நாளைக்கு வர்றோம்."

அவர் இறங்க வேண்டும். முன்பக்கமாக இறங்கத் தொடை விடவில்லை. திரும்பி நின்று, ஏணியில் இறங்குகிற மாதிரி பின்பக்கமாக ஒவ்வொரு படியாகக் கால் தேடி இறங்கினார். மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, அவர்களை யார் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். அந்த வாரம் முழுக்க ஜெயித்த அணி டீசல் வாசனையில்தான் சாப்பிட்டது.

மெழுகக்கா இரண்டிரண்டு படியாக ஏறிப் போனாள். போகிற வழியில் கண்ணாடிப் பட்டறைக் கதவைத் தட்டி லென்ஸ்காரியையும் இழுத்துக்கொண்டாள். மேலே வெயில் இதமாக இருந்தது, காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். கீழே படிக்கட்டில் யாரோ பின்பக்கமாக இறங்குகிற முனகல் அங்கே வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், வாசலிலேயே நாத்தனார் நின்றிருந்தார். கையில் மெழுகக்காவின் பை. உள்ளே துண்டு, தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"கிளம்பு. நேரமாச்சு."

"எங்க அண்ணி?"

"எங்கயா? இரும்பு தூக்கத்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டேன். இதை ஆரம்பிச்சுட்டு நடுவுல விட்டா, சதையெல்லாம் அப்படியே கொழுப்பா மாறிடுமாம். ஏற்கெனவே வீட்டுல ஒருத்தன் நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கான். நீயும் அப்படி ஆயிட்டா நான் யாரைப் பார்ப்பேன்? ஆரம்பிச்சது ஆரம்பிச்சுட்ட. இனிமே ஆயுசுக்கும் விடக் கூடாது."

சொல்லிக்கொண்டே இவள் மேற்கையைப் பிடித்து, காய்கறிக் கடையில் சுரைக்காய் அழுத்திப் பார்ப்பது போல் அழுத்திப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி ஓடி மறைந்தது.

சதை வேறு கொழுப்பு வேறு, ஒன்று இன்னொன்றாக மாறாது என்று சொல்ல மெழுகக்காவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாக்கை அங்கேயே மடக்கிக்கொண்டாள்.

"விட மாட்டேன் அண்ணி" என்றாள் அடக்கமாக. "ஆனா இன்னைக்கு வகுப்பு இல்ல. இன்னைக்கு ஓய்வு நாள்."

"ஓய்வா? ஓய்வெடுத்தா உள்ளதும் போயிடும். போ, போ."

உள்ளேயிருந்து "போ-ஓ-ஓ-ய்ட்டு வா-ஆ-ஆ-ம்மா" என்று நடுங்கியது ஒரு குரல்.

கதவு சாத்திக்கொண்டது. மெழுகக்கா பையோடு தெருவில் நின்றாள். கூடம் பூட்டியிருக்கும். வீட்டுக்குத் திரும்ப முடியாது. முழுசாக ஒரு மாலை நேரம் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாமல் அவள் கையில் வந்து விழுந்திருந்தது. தெருமுனை வரை நடந்தாள். நடை அவளை அறியாமல் துள்ளலாக மாறி, பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் துள்ளினாள். முனையில் ஐஸ்கிரீம் கடை விளக்குப் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போனாள்.

ஜன்னலோர மேஜையில், தன் தலையை விட உயரமான ஒரு கண்ணாடிக் கோப்பைக்குப் பின்னால், கோச்சு உட்கார்ந்திருந்தாள். வாயில் கரண்டி. மெழுகக்காவையும் அவள் தோளில் தொங்கிய பையையும் பார்த்தாள்.

"இன்னைக்கு லீவுக்கா."

"தெரியும். வீட்டுல துரத்தி விட்டுட்டாங்க."

கோச்சு காலால் எதிர் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தாள். "ஓய்வெடுக்கறப்பதான் உடம்பு வளரும். உக்காருங்க. பிஸ்தா நல்லா இருக்கு."

மெழுகக்கா பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டு கரண்டி பிஸ்தாவும் அதன் மேல் ஒரு கரண்டி சாக்லேட்டும் கொண்டு வரச் சொன்னாள்.